ஏறு நாகம், இறங்கு நாகம்

கல்யாண வீடுகளில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நம் சின்ன வயதுக் காலம் போல இனி வராது என்று பேசுகிற என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பேச்சை ஆரம்பித்ததும் நான் எழுந்து போய்விடுவேன். ஏன் போகிறேன் என்று உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நாகம் என்கிற சொல்.

பாம்பைப் பற்றி அல்ல. பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிற எதற்கும் நம் பக்கத்தில் அந்தப் பெயரைத்தானே வைப்போம். பெண்கள் மேல்கையில் இறுக்கிப் போடுகிற நகைக்கு நாகொத்து. வேப்பமரத்தடியில் பின்னிக்கொண்டு நிற்கிற கல்லுக்கு நாகர். சுவரில் கறையான் வளைந்து வளைந்து மண் கட்டினால், நாகமாட்ட ஏறுது பாரு என்போம். மாட்டின் பிடரியில் மயிர் நெளிந்து சுழித்திருந்தால் அது நாகச் சுழி. நகையில் இருந்தால் அழகு. கல்லில் இருந்தால் கும்பிடு. மயிரில் இருந்தால் மட்டும் பயம். இதை யார் பிரித்து வைத்தார்கள் என்று நான் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தமிழ் வாத்தியாரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் பழைய நிகண்டு ஒன்றை எடுத்துப் புரட்டி, நாகம் என்றால் பாம்பு, யானை, மலை, காரீயம், வானுலகம் என்று அடுக்கினார். வடக்கே இருந்து வந்த சொல் என்றார். இல்லை, இங்கிருந்துதான் போனது என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு என்றார்.

“கழுத்து மயிருக்கு இந்தப் பேரு எப்படிங்க வந்துச்சு?” என்று கேட்டேன்.

“அது பொஸ்தகத்துல இல்லீங்கம்மா. மாட்டுச் சந்தையில வந்ததா இருக்கும்” என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். சந்தையில் கிடந்த சொல் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வந்தபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் ஒன்று. எனக்கு ஒன்பது வயது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்கள் தோட்டம். கல்லும் செம்மண்ணுமான மேட்டுக்காடு. தோல் சாலில் கிணற்றுத் தண்ணீரைக் காளைகள் இழுத்து இறைக்கிற கவலை ஒன்றை நம்பித்தான் எங்கள் பண்ணையம் நடந்தது. காளை படுத்தால் பயிர் படுத்துவிடும். அதனால் மாடு வாங்குவதென்றால் அப்பா மூன்று நாள் சோறு சரியாகச் சாப்பிட மாட்டார்.

மாசி பங்குனியில் அறுப்பெல்லாம் முடிந்து வண்டி சும்மா நிற்கும். மாடு மாற்றுவது அப்போதுதான். பெண் பார்ப்பதும் அப்போதுதான். இரண்டும் ஒரே பருவத்தில், ஒரே வாசலில், பல சமயம் ஒரே ஆட்களை வைத்து நடக்கும். அது எனக்கு அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மாட்டுத் தரகர் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒல்லியான ஆள். வெற்றிலையும் வேர்வையும் கலந்த வாசனை அவருக்கு முன்னால் வரும். தோளில் ஒரு பெரிய துண்டு. விலையை அவர் வாயால் பேச மாட்டார். துண்டைத் தன் கை மேலும் எதிராளி கை மேலும் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார். எல்லாத் தரகர்களும் அப்படித்தான் செய்வார்கள், அது சந்தை வழக்கம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு மட்டும் அசையும். இரண்டு பேரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூடிக்கொண்டு செய்கிற எந்தக் காரியத்தையும் நான் நம்பாமல் போனது அந்தத் துண்டைப் பார்த்துத்தான்.

அப்பாவுக்குச் சுழி பார்ப்பதில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு மாட்டின் முதுகைத் தடவியே சொல்லுவார். பூரான் சுழி, துடைப்பச் சுழி, விலங்குச் சுழி, பாடைச் சுழி. அந்தப் பெயர்களையெல்லாம் நான் வாய்ப்பாடு மாதிரி சொல்லுவேன். நாகச் சுழியை எனக்குக் காட்டியவர் தரகர்தான்.

“இங்க பாரு சாமி. இந்த மயிரு வாலுப் பக்கமிருந்து நெளிஞ்சு நெளிஞ்சு கொம்பைப் பாத்துப் போவுதா? இது ஏறு நாகம். கட்டுன ஊடு மேல மேல ஏறும். கொம்புலிருந்து வாலைப் பாத்து எறங்கிப்போட்டா எறங்கு நாகம். கட்டுன ஊட்டையே முழுங்கிப்போடும்.”

“ஆருங்க அப்படிச் சொன்னது?”

“பெரியவங்க.”

“எந்தப் பெரியவங்க?”

தரகர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “உங்க பொண்ணு வக்கீலாட்டக் கேக்குதுங்களே. கட்டிக் குடுக்கறது செரமமுங்க.”

அன்றைக்கே எங்கள் செவலைக் காளையின் பிடரியில் இறங்கு நாகம் இருக்கிறது என்று சொல்லி, துண்டுக்குள் விரலைக் குறைத்துப் பிடித்து, ஓட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் நானும் அப்பாவும் சந்தைக்குப் போயிருந்தோம். அதே செவலைக்குப் பக்கத்தில் நின்று, “ஏறு நாகமுங்க, ராச சுழி, இதைக் கட்டுனவன் மாடி ஊடு கட்டிப்போட்டுத்தான் மறுவேலை பாப்பான்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் வேட்டியை இழுத்தேன்.

“அப்பா, அது நம்ம செவலைதானுங்க. எறங்கு நாகம்னு சொல்லித்தானே ஓட்டிக்கிட்டுப் போனாரு?”

“வேற மாடு சாமி. சும்மா இரு.”

வேறு மாடு இல்லை. அதன் இடது காதின் கிழிசல் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். சுழி பொய் என்றால் அவருடைய கெட்டிக்காரத்தனமும் பொய்யாகிவிடும். அப்பா அந்த இரண்டுக்கும் தயாராக இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர்கள் பட்டி பட்டியாக எங்கள் தோட்டத்து வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவரிடம், உங்கள் ஆட்டுக்கு நாகச் சுழி பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “கறிக்குப் போறதுக்கு ராசி எதுக்கம்மிணி?” என்றார். அவ்வளவுதான் அந்தச் சாஸ்திரம். வேலை வாங்கப் போகிற உடம்புக்குத்தான் நாகம். பெண்ணுக்கும் அதனால்தான் பார்த்தார்கள் என்று இப்போது எனக்குப் படுகிறது.

அத்தைக்கு வருகிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் பதினைந்து வருஷம். அவர்களைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே வாந்திபேதிக் காலத்தில் போய்விட்டார்கள். அண்ணன் ஊடுதான் அவளுக்கு ஊடு. கட்டுத்தறியில் சாணி அள்ளுவது, தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பது, பருத்தி எடுப்பது எல்லாம் அவள்தான். அம்மா அவளைக் கொடுமைப்படுத்தினாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா உட்கார்ந்த பிறகு அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அத்தைக்குத் தலைமுடி அடர்த்தி. வாராவாரம் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வந்து உட்காருவாள். நான்தான் பின்னிவிடுவேன். பின்னங்கழுத்தில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய மயிர் வரி நெளிந்து இருக்கும். வெயில் பட்டால் செம்பு மாதிரி மினுங்கும். பின்னி முடித்ததும் விரலால் அந்த நெளிவின் மேல் ஒரு தடவை ஓட்டுவேன். அவள் கூசிச் சிரிப்பாள். அப்போது அதற்குப் பெயர் கிடையாது.

அவளுக்கு ஜேடர்பாளையத்து வாய்க்கால் பாய்கிற ஊரிலிருந்து ஒரு இடம் வந்தது. நஞ்சைக் காடு. அத்தை மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. பார்க்கவும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் ஆசைப்பட்டது வேறு.

“அங்கெல்லாம் தண்ணி தானா வருமாம் சாமி. கவலை ஓட்டவேண்டாமாம். தொட்டிக்குச் சொமக்கவேண்டாமாம். நாம சும்மா இருந்தாலும் அதும்பாட்டுக்கு ஓடியாருமாம்” என்று என்னிடம் சொன்னாள். குடம் தூக்கித் தூக்கி அவள் இடுப்பில் காய்த்துப் போயிருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அந்த ஊருக்குப் போய்விடவேண்டும் என்பதைத் தவிர அந்தப் பருவம் முழுவதும் அவள் வாயில் வேறு பேச்சு இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா வண்டி கட்டிக்கொண்டு சொந்தக்கார ஒறம்பரை இரண்டு பேரோடு வந்தாள். பருத்த பெண்பிள்ளை. இரண்டு மேல்கையிலும் நாகொத்து. அதன் படமெடுத்த தலை சதைக்குள் அமுங்கிக் கிடந்தது. கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, “வா அம்மிணி, தலை வாரி உடறேன்” என்று அத்தையைக் கூப்பிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்கள் தலை வாரிவிடுவது அன்புக்காக என்று நினைத்தீர்களா? பேன், புண், சுழி மூன்றையும் பார்ப்பதற்காக. மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிறார்கள் அல்லவா, அதுபோல.

ஒன்றை நான் கவனித்தேன். அவள் சீப்பை உச்சியில் வைக்கவில்லை. நேராகப் பின்னலைத் தூக்கிப் பிடரியைத்தான் பார்த்தாள். தேடவே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தவள் மாதிரிப் பார்த்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க. பின்னங்கழுத்துல நாகம் இருக்குதுங்களே.”

அம்மா, “என்னதுங்க?” என்றாள்.

“எறங்குதுங்க. பாருங்க நீங்களே.”

அத்தை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. என் தங்கச்சி என்ன மாடா என்று அப்பா கேட்டிருக்கவேண்டும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்பா வேகமாகப் பக்கத்தில் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

“நல்லாப் பாருங்க. ஏறு நாகமுங்க அது.”

“எனக்கும் மாடு கன்னு இருக்குதுங்க. எறங்குது.”

“ஏறுதுங்க. எனக்குத் தெரியாத சுழியா?”

இரண்டு பேரும் அவள் கழுத்துக்கு மேலே சண்டை போட்டார்கள். கடைசியில் அந்தம்மா, “சொல்லி அனுப்பறோமுங்க” என்று வண்டி ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் நேராகப் பார்ப்பது நின்றுபோயிற்று. யார் போய்ச் சொன்னது என்று அப்பா எல்லாரையும் சந்தேகப்பட்டார். துணி வெளுக்கிறவர்களை, பக்கத்துத் தோட்டத்துக்காரரை, அம்மாவைக்கூட. தரகரை மட்டும் சந்தேகப்படவில்லை. எனக்கோ அவர் மேல்தான் சந்தேகம். அதற்கு முந்தின வாரம் அத்தை குனிந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த வெற்றிலையை வாயில் போட மறந்து நின்றார். அப்பாவிடம் சொன்னேன். “பெரிய மனுசன் மேல பழி போடாதே” என்று காதைத் திருகினார்.

அம்மா வேறு தினுசு. போன வருஷம் எருமைக் கன்று செத்தது, சோளத்தில் குருத்துப் பூச்சி விழுந்தது, கவலைக் கயிறு அறுந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த இரண்டு விரல் மயிரில் போய் முடிந்தது.

“அம்மிணி, வெதைக் கூடையைத் தொடவேண்டாம். நான் எடுத்துக்கறேன்” என்றாள் ஒருநாள்.

“ஏனுங்க நங்கை?” என்றாள் அத்தை. அண்ணன் பெண்டாட்டியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“சும்மாத்தான்.”

அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயதுக்காரிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என்னையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். என்னை விட்டுவிட்டு மற்றவர்களைத் திட்டுவது திருட்டுத்தனம். நானும் பயந்தேன். பெயர் வைத்த பிறகு அது வெறும் மயிராக எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் அவள் பின்னால் போய் நின்று, நேற்றைக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா, ஒரு விரல் கீழே இறங்கிவிட்டதா என்று பார்ப்பேன். பின்னிவிடுவதை நிறுத்திவிட்டேன்.

“ஏஞ்சாமி, பின்னி உட மாட்டீங்கறே?”

“கை வலிக்குது.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அது கடிக்காது சாமி” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அப்படியும் கிட்டப் போகவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு அப்பா தரகரைக் கூப்பிட்டு அனுப்பினார். மாட்டுக்காக அல்ல. தங்கச்சியின் சுழியைப் பார்த்து ஏறு நாகமா இறங்கு நாகமா என்று தீர்ப்புச் சொல்லத்தான். இந்தத் தப்பை நம்மவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மாட்டில் அவரை நம்பியதற்கு ஒரு காளை போயிற்று. அது போதவில்லை.

கட்டுத்தறியில், காளைகளுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட மரத்தொட்டியின் மேல் அத்தையை உட்காரவைத்தார்கள். தரகர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நிமுந்து உக்காரு அம்மிணி.”

பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“இப்பக் குனி.”

பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இதுல ஒரு செரமம் இருக்குதுங்க” என்றார் அப்பாவிடம். “மாட்டுக்குக் கழுத்துப் படுத்துக் கெடக்குது. மனுசங்களுக்கு நட்டுக்கிட்டு நிக்குது. குனிஞ்சா ஏறு நாகமுங்க. நிமுந்தா எறங்கு நாகம்.”

“அப்ப நான் போற எடத்துல குனிஞ்சே நடக்கோணுமுங்களா?” என்றாள் அத்தை.

காளைக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரகருக்கும் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. “வாயை மூடு” என்றார்.

பிறகு அப்பாவும் தரகரும் வேலி ஓரமாகப் போனார்கள். தரகர் துண்டை எடுத்தார். இரண்டு பேர் கையையும் மூடினார். துண்டு அசைந்தது. இரண்டு பேரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். என் அத்தையின் கழுத்துக்கு அந்தத் துண்டுக்குள் எந்த விரலைப் பிடித்தார்கள், எத்தனை விரலைப் பிடித்தார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் எங்கள் மயிலைக் கிடாரி கட்டுத்தறியில் இல்லை. கேட்டதற்கு, காளைக்குச் சேர்க்கத் தரகர் ஓட்டிப்போயிருக்கிறார் என்றார் அப்பா. அது திரும்பி வரவே இல்லை.

தீர்ப்பு ஏறு நாகம் என்று வந்தது. ஆனால் தரகர் அதோடு விடவில்லை. ஒருதடவை சந்தேகம் விழுந்துபோயிற்று, ஏறுது என்றாலும் நம்ப மாட்டார்கள், அந்தச் சுழியே இல்லாமல் பண்ணிவிட்டால் பேச்சே இருக்காது என்றார். மாட்டுக்குச் செய்வதுதான். வேண்டாத சுழியின் மேல் சூடு போட்டுவிட்டால் மயிர் முளைக்காது. சந்தையில் பாதி மாட்டுக்கு அப்படித்தான்.

அம்மா மட்டும் ஒருதடவை, “பொட்டப்புள்ளைக்குச் சூடு போடறதுங்களா?” என்றாள். பிறகு அவளே அடுப்பில் கரண்டியை வைத்தாள்.

அத்தை அழுவாள், ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சுட்டா அவிங்க வருவாங்களாண்ணா?”

“வருவாங்க அம்மிணி. சின்னச் சூடுதான். உன்ற நல்லதுக்குத்தான்.”

அத்தை தானே போய்க் கட்டுத்தறிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்தாள். அவளை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. விடிந்து நல்ல வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. கரண்டிக் காம்பை அப்பாதான் பிடித்திருந்தார். மயிர் பொசுங்குகிற வாசனை முதலில் வந்தது. பிறகு வேறு வாசனை வந்தது. காளைகள் மூச்சை ஊதிக்கொண்டு பின்வாங்கின. அவற்றுக்கு அந்த வாசனை தெரியும்.  அவள் கம்பத்தைப் பிடித்திருந்த விரல்களின் நகங்கள் வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன்.

பதினைந்து நாள் சோற்றுக்கற்றாழையை அறுத்து அறுத்து நான்தான் வைத்தேன். பயம் எனக்கு அன்றைக்குப் போயிற்று. இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று சிவந்த தழும்பு நின்றது. மயிர் இல்லை. நாகம் இல்லை. அப்பா மறுபடியும் ஆள் அனுப்பினார். பங்குனிக் கடைசியில் அந்தம்மா மறுபடியும் வண்டியில் வந்தாள். அத்தைக்குப் புதுச் சேலை கட்டியிருந்தோம்.

காப்பி குடிக்கவில்லை. நேராக வந்தாள். பின்னலைத் தூக்கினாள்.  பிறகு தழும்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

“சூடு போட்டிருக்குதுங்களே.”

அப்பா, “சின்னப் புள்ளையில கட்டி வந்துச்சுங்க” என்று ஆரம்பித்தார்.

“போன மாசம் இல்லீங்களே இந்தக் கட்டி?”

அப்பாவுக்கு வியர்த்தது. “உள்ளதைச் சொல்லிப்போடறனுங்க. ஏறு நாகந்தானுங்க அது. தரகரே பாத்துச் சொன்னாரு. ஏறு நாகமுங்க.”

“ஏறு நாகத்தை எதுக்குங்க சுட்டீங்க?”

 அப்பாவும் மாடு வாங்குகிறவர்தானே. சந்தையில் சூடு போட்ட மாட்டைக் கண்டால் அவரே முதலில் விலகிப்போவார். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் சூடு போட மாட்டான் என்பது எங்களில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துமே போட்டார்கள். அந்தம்மா நம்பினாளோ இல்லையோ, அவளுக்கு அதற்குமேல் பேசவேண்டியதே இருக்கவில்லை.

“நாங்க சூடு போட்டதை வாங்கறதில்லீங்க” என்றாள்.

அப்போதுதான் அத்தை எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தம்மாவுக்கு நேர் முன்னால் நின்றாள்.

“உங்க பையன் கழுத்தை ஆராச்சும் பாத்தாங்களா?”

“என்ன பேச்சு பேசறே? ஆம்பளைக் கழுத்தை எதுக்குப் பாக்கறது?”

“பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வாசல்ல உக்காரவெச்சுப் பின்னங்கழுத்தை வழிச்சு உடறாங்க. ஏறுதோ எறங்குதோ, ஆருக்குங்க தெரியும்? ஒரு மாசம் வழிக்காம உட்டுப்போட்டு வாங்க. நானும் குனியச் சொல்லிப் பாக்கறேன். அப்பறம் பேசிக்கலாம்.”

அம்மா, “அடியே” என்று ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். அந்தம்மா வண்டியில் ஏறினாள். வண்டி திரும்புகிறவரைக்கும் அப்பா கைகூப்பியபடியே நின்றார். யாரைப் பார்த்துக் கும்பிட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

வைகாசியில் அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண், தரகரின் அக்கா மகள். இதை வைத்து என்னால் ஒன்றையும் நிரூபிக்க முடியாது. அவர்தான் எங்கள் வீட்டு நாகத்தை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார் என்று அடித்துச் சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. சந்தேகப்படுகிறேன். அறுபது வருஷமாகச் சந்தேகப்படுகிறேன். இனிமேல் விடுகிற உத்தேசமும் இல்லை.

அத்தைக்கு வேறு இடம் வரவில்லை. சூடு போட்ட பெண் என்கிற பேச்சு அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்துகொண்டது. வாய்க்கால் தண்ணீர் தானாக ஓடிவருகிற ஊருக்கு அவள் போகவே இல்லை. கவலை நின்று கிணற்றில் மோட்டார் வைக்கிறவரைக்கும் எங்கள் தொட்டிக்கு அவள்தான் தண்ணீர் சுமந்தாள்.

ஆனால் ஒன்று செய்தாள். அன்றைக்குப் பிறகு அவள் பின்னல் போடவில்லை. முடி முழுவதையும் தூக்கி உச்சியில் கொண்டையாகப் போட்டுக்கொண்டாள். தழும்பு நன்றாகத் தெரியும்படி. கல்யாணம், சீர், கோயில், சாவு எங்கே போனாலும் அப்படியே போவாள். யாராவது கேட்காமல் இருப்பார்களா?

“என்ன அம்மிணி, பொடணியில?”

“எங்கண்ணன் போட்ட சூடுங்க.”

மெதுவாகச் சொல்ல மாட்டாள். அப்பா பத்தடி தூரத்தில் நின்றாலும் அவருக்குக் கேட்கும்படி சொல்லுவாள். கோபமாகவும் சொல்ல மாட்டாள். இது எங்கம்மா கொடுத்த வளையல் என்று சொல்கிற மாதிரி சொல்லுவாள். அப்பா தரையைப் பார்ப்பார். அம்மா, “அதையேன் இன்னும் சொல்லிக்கிட்டு” என்று பல்லைக் கடிப்பாள். அத்தை நிறுத்தவில்லை. நான் கல்யாணமாகிப் போய், பிள்ளை பெற்று, விருந்துக்கு வரும்போதெல்லாம் அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். முப்பது வருஷம் சொன்னாள்.

அப்பா கடைசியாகக் கைகால் விழுந்து வாசலில் கட்டிலில் கிடந்தபோது என் புருஷன் வழியில் ஒறம்பரை ஒருத்தி பார்க்க வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் புதிது. அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. வாய் கோணிப்போன ஆளின் குரல். ஆனாலும் விளங்கியது.

“நான் போட்ட சூடுங்க. மாட்டுக்குப் போடறாப்பல போட்டேன்.”

அத்தை அவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைப்பாள் என்று நினைக்காதீர்கள். “ஆமாங்க” என்று வந்தவளிடம் சொல்லிவிட்டுக் கடலையை உரித்தாள்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அத்தை பதில் சொல்லவில்லை. கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, கட்டில் பக்கம் திரும்பிக் காத்திருப்பாள். அப்பா சொல்லுகிறவரைக்கும் திரும்ப மாட்டாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எச்சில் ஒழுக, அந்த வார்த்தையை முழுவதுமாகச் சொல்லி முடிப்பார். சாவதற்கு முந்தின நாள் வந்தவர்களிடமும் சொன்னார்.